குதிரைக்கு முடி கொட்டுதுன்னு வாங்குன ஷாம்பு, பவுடர், ஊதா லைட்டு, கடைசியா தோல் டெஸ்ட் – என் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது ஒரு பொருளோட ரிவ்யூ இல்ல, நான் வாங்குன சாமான்களும் கடைசியா வந்த ஒரு வெட்னரி டாக்டர் விசிட்டும் சேர்ந்த ரிவ்யூ. வரிசைய மாத்தி, டாக்டர முதல்ல கூப்ட்டிருந்தா பாதி சாமான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

நம்மாளு செவலைப் பெட்டை, 11 வயசு, சாப்பாட்டுல குறை இல்ல, ஓட்டத்துல குறை இல்ல. ஒருநாள் சேணத்த கழட்டறப்ப முதுகோரமா காசு சைஸ்ல ரெண்டு வட்டம், முடி இல்லாம, மேல பொடுகு மாதிரி சாம்பல் பக்கு. சேணம் உரசிருக்கும்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தா ஏழெட்டு ஆயிருச்சு, வயித்து பெல்ட் கட்டற எடத்துலயும் வந்துருச்சு. இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து, பிடரி மயிர சீவலாம்னு சீப்ப வச்சா கொத்தா கையோட வருது, சும்மா விரலால பிடிச்சு இழுத்தாலே வேரோட வருது, அவளுக்கு வலிச்ச மாதிரியும் தெரியல, பாட்டுக்கு புல்லு மென்னுட்டு நிக்கறா. வாலு கொஞ்ச நாள்ல தேஞ்சுபோன விளக்குமாறு கணக்கா ஆயிருச்சு.

லாயத்துல ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னாங்க. ஒருத்தர் கொசுக்கடி அலர்ஜின்னாரு, ஒருத்தர் சத்துக் குறைவுன்னாரு, ஒரு பெரியவர் பழைய இன்ஜின் ஆயில தடவுப்பான்னாரு (தயவு செஞ்சு யாரும் தடவிடாதீங்க, தோலு வெந்துரும், அவ அத நக்கினா வயித்துக்குள்ளயும் போகும்). இன்னொருத்தர் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா பத்து நாள்ல சரின்னாரு, நல்லவேளை அதுக்கு நான் அசையல, ஏன்னு கீழ சொல்றேன்.

சரி, சாமானுக்கு வரேன்.

முதல்ல வாங்குனது பளபளப்பு பவுடர். தீவனத்துல கலக்கறது, டப்பா மேல ஒரு கருப்புக் குதிரை பிடரிய பறக்க விட்டுட்டு ஓடும், அந்தப் படத்துக்கே காசு குடுத்துட்டேன்னு வைங்க. பயோட்டின், துத்தநாகம், செலினியம், மீன் எண்ணெய்னு பெரிய லிஸ்ட். ஆறு வாரம் குடுத்தேன், மினுமினுப்பு கொஞ்சம் வந்துச்சு, உண்மைய சொல்லணும்ல, ஆனா வட்டமும் நிக்கல பிடரியும் நிக்கல. பயோட்டின்ங்கறது குளம்புக்குத்தான் பேரு போனது, அதுவும் தினம் 15-20 மில்லிகிராம் கணக்குல பல மாசம் குடுத்தாத்தான் புது குளம்பு இறங்கறப்ப வித்தியாசம் தெரியும். கொட்டற முடிய நிறுத்தற மருந்து இல்ல அது. டப்பால அப்படி எழுதல, ஆனா அப்படி நெனைக்கற மாதிரி எழுதியிருக்கான், கெட்டிக்காரன். 5க்கு 2. அந்த ரெண்டும் மினுமினுப்புக்கு.

அடுத்தது ஊதா லைட்டு. படர்தாமரை இருந்தா பச்சையா ஒளிரும்னு ஒரு வீடியோல பார்த்துட்டு ஆர்டர் பண்ணேன். ராத்திரி லாயத்துல லைட்ட எல்லாம் அணைச்சுட்டு திருடன் மாதிரி குதிரை மேல அடிச்சுப் பார்க்கறேன், துணி நூலு ஒளிருது, தூசி ஒளிருது, என் சட்டை காலர் ஒளிருது, வட்டம் மட்டும் ஒளிரல. சரி படர்தாமரை இல்லன்னு முடிவு பண்ணி நிம்மதியா தூங்குனேன். அதுதான் இந்தக் கதைலயே பெரிய முட்டாள்தனம். அந்த வெளிச்சத்துக்கு ஒளிர்றது முக்கியமா நாய் பூனைக்கு வர்ற ஒரு பூஞ்சை வகை, குதிரைக்கு பெரும்பாலும் வர்றது டிரைக்கோஃபைட்டான் ஈக்வினம்னு வேற ஒண்ணு, அது ஒளிராது. ஆக ஒளிரலன்னா நோய் இல்லன்னு அர்த்தமே கெடையாது. குதிரைக்காரங்களுக்கு இந்த லைட்டு 5க்கு 0. எனக்கு இப்ப கட்டிலுக்கு அடில செருப்பு தேட உதவுது.

மூணாவது மருந்து ஷாம்பு, குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்தது. இது நல்ல பொருள், தப்பு எம்மேல. தேச்ச கையோட பைப்ப வச்சு கழுவி விட்டுட்டேன், அப்புறம் பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல பார்த்தா நுரை பத்து நிமிஷம் தோல்ல இருக்கணும்னு போட்டிருக்கு. பத்து நிமிஷம் ஈரக் குதிரையோட நின்னு பாருங்க, ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும். ஒழுங்கா போட ஆரம்பிச்சதும் பக்கு இளகி உதிர்ந்துச்சு, புது வட்டம் வர்றது கொறஞ்சுது. பிடரி மட்டும் அது பாட்டுக்கு கொட்டிட்டே இருந்துச்சு. 5க்கு 4, பொடி எழுத்துக்கு ஒண்ணு கட்.

இங்க ஒரு விஷயம், இந்த மாதிரி ஷாம்பு, எண்ணெய், ஸ்ப்ரேக்கெல்லாம் ஆன்லைன்ல "ரெண்டு மாசத்துல சரியாயிருச்சு"ன்னு அஞ்சு ஸ்டாரா குவிஞ்சு கெடக்கு பாருங்க, அத நம்பி வாங்காதீங்க. ஆரோக்கியமான குதிரைக்கு படர்தாமரை மருந்தே போடாட்டியும் பெரும்பாலும் ஒண்ணுலருந்து மூணு மாசத்துல தானா அடங்கிரும். பச்சத்தண்ணிய தடவி இருந்தாலும் அதுக்கும் அஞ்சு ஸ்டார் விழுந்திருக்கும். மருந்து போடறது சீக்கிரம் ஆறவும், பக்கத்து குதிரைக்கும் நமக்கும் ஒட்டாம இருக்கவும்தான்.

நமக்கும்னு சொன்னேன்ல, எனக்கு முன்னங்கைல அழகா ஒரு செவப்பு வளையம் வந்துச்சு. அன்னிக்குத்தான் டாக்டருக்கு போன் போட்டேன்.

இப்ப விசிட் ரிவ்யூ. பேரு, எடம் எதுவும் போடல, கேக்காதீங்க.

டாக்டரம்மா வர்றாங்கன்னு முதநாள் குதிரைய ஷாம்பு போட்டு பளிச்சுனு குளிப்பாட்டி நிறுத்தி வச்சிருந்தேன், மரியாதையா இருக்கட்டும்னு. வந்து பார்த்ததும் அவங்க மொகம் மாறிருச்சு. "எனக்கு வேண்டிய பக்கையெல்லாம் நீங்க சாக்கடைல விட்டுட்டீங்களே சார்"னாங்க. பக்குலயும் அது ஓரத்து முடிலயும்தான் கிருமி இருக்குமாம், அதுலயும் பூஞ்சை மருந்து போட்டுக் கழுவிட்டா வளர்த்துப் பார்க்கறப்ப ஒண்ணும் வராம ஏமாத்திருமாம். டெஸ்ட் எடுக்கறதா இருந்தா ஒரு வாரமாவது ஒண்ணும் போடாதீங்க, அழுக்கா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

அப்புறம் அவங்க தொட்டுப் பார்க்கறதுக்கு முன்னாடியே கேள்விதான். முதல்ல அரிச்சுதா, முதல்ல கொட்டுச்சா? இந்த ஒரு கேள்விய இத்தன நாள்ல எங்கிட்ட யாருமே கேக்கல. நானும் எனக்கே கேட்டுக்கல. யோசிச்சா அவ எங்கயும் உரசவே இல்ல. கொசுவ விட சின்னதா ஒரு பூச்சி இருக்கு, விடியறப்பயும் பொழுது சாயறப்பயும் கூட்டமா வரும், அது கடிச்சு வர்ற அலர்ஜின்னா குதிரை தூண்ல பிடரியவும் வால் அடிலயும் தேச்சு தேச்சு முடி ஒடிஞ்சு போகும், தோலு தடிக்கும், ரத்தமே வரும். இவளுக்கு முடி ஒடியல, முழுசா உருவிட்டு வருது. ஆக கொசுக்கடி அலர்ஜி அங்கயே அவுட்டு. வால மட்டும் தேச்சா வயித்துப் புழுல ஒரு வகை ஆசனவாய்கிட்ட முட்டை வச்சு அரிக்க வைக்கும், அதுக்கு சாதா ஒட்டற டேப்ப ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பார்த்தாங்க, முட்டை இல்ல. பேன் இருக்கான்னு முடிய விலக்கி டார்ச் அடிச்சாங்க, இல்ல. வயசான குதிரைன்னா முடி கொட்டாம கம்பளியாட்டம் வளர்ந்துட்டே போற ஒரு ஹார்மோன் கோளாறு இருக்காம், அது இவளுக்கு இல்லன்னு பார்த்தாலே தெரியுதுன்னாங்க.

வட்டத்து ஓரத்துல முடிய பிடுங்கி, பிளேடால லேசா சொரண்டி, கொஞ்சத்த பூஞ்சை வளர்க்கற டப்பால போட்டாங்க. அந்த டப்பால ரெண்டு சொட்டு பி விட்டமின் விட்டாங்க, என்னம்மா டானிக்கான்னு கேட்டேன், சிரிச்சுட்டு, குதிரைப் பூஞ்சைக்கு நிக்கோடினிக் ஆசிட் இல்லாம வளர வராதுன்னு சொன்னாங்க. அது தெரியாம டெஸ்ட் பண்ணா நோய் இருந்தும் இல்லன்னு ரிசல்ட் வந்துரும். இந்த ஒரு எடத்துலயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. டப்பா செவப்பா மாறி பூஞ்சையும் முளைச்சுது, ஆக படர்தாமரை உறுதி. ஸ்டீராய்டு போட்டிருந்தா தோல்ல எதிர்ப்பு கொறஞ்சு உடம்பு பூரா பரவியிருக்கும்னாங்க, மேல சொன்னது இதுதான்.

மருந்து எனில்கோனசோல் திரவம், ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணி, மூணு நாலு நாள் விட்டு விட்டு நாலு தடவை, க்ளவுஸ் போட்டுட்டு. இத கழுவக் கூடாது, அப்படியே காய விடணும். 5க்கு 5 குடுப்பேன். ஆனா அதே கையோட பிரஷ், சேணத்துக்கு அடித் துணி, பெல்ட் எல்லாத்தையும் கழுவி மருந்துல முக்கணும், பூஞ்சையோட விதை மரத்துலயும் துணிலயும் மாசக்கணக்குல உசுரோட கெடக்கும். எனக்கு பரவுனதே ஒரே பிரஷ்ஷ நாலு குதிரைக்குப் போட்டதாலதான்.

சரி பிடரி? அதுக்குத்தான் இந்த விசிட்டுக்கு நான் கடன்பட்டிருக்கேன். படர்தாமரைல பிடரி இப்படி உருவிட்டு வராதுன்னு சொல்லிட்டு தீவன ரூமுக்கு போயி என்னோட டப்பா எல்லாத்தையும் வரிசையா வைக்கச் சொல்லி லேபிள படிச்சாங்க. செலினியம் ஓவரானாலும் பிடரியும் வாலும் இப்படித்தான் கொட்டும், கூடவே குளம்புல குறுக்கு வெடிப்பு வரும். 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராம் போதும், நான் பவுடர், தீவனம், உப்புக்கட்டின்னு மூணு பக்கத்துலருந்து குடுத்துட்டிருந்தேன். ரத்தத்துல பார்த்தப்ப அளவு சரியாத்தான் இருந்துச்சு, ஆனா பவுடர நிறுத்தச் சொல்லிட்டாங்க. 2009 ஏப்ரல்ல ஃப்ளோரிடால 21 போலோ குதிரைங்க வரிசையா செத்துச்சே, அது செலினியம் அளவு தப்பா கலந்த ஒரு சத்து மருந்தாலதான். சத்துதானேன்னு அள்ளிப் போடற பழக்கம் எனக்கு அன்னிக்கு விட்டுப்போச்சு.

அப்புறம் மேய்ற எடத்த காட்டுங்கன்னாங்க. வேலியோரம் பூரா சவுண்டல், சுபாபுல்னும் சொல்வாங்க. நெழலுக்கு நல்லதுன்னு நான்தான் வளர விட்டிருந்தேன், அவ எட்டுன உயரம் வரைக்கும் தழையும் காயும் மொட்டையா கெடந்துச்சு. டாக்டரம்மா அத ஒரு தடவை பார்த்தாங்க, குதிரை வால ஒரு தடவை பார்த்தாங்க, அவ்வளவுதான். அதுல மிமோசின்னு ஒரு நச்சு இருக்கு, முடி வேர்ல வளர்ச்சிய நிறுத்திரும், குதிரைக்கு முதல்ல பிடரியும் வாலும்தான் போகும். ஆடு மாடுன்னா அசை போடற வயித்துல அத உடைக்கற பாக்டீரியா இருந்தா சமாளிச்சுரும், குதிரைக்கு அந்த வயிறே கெடையாது. ஆக ரெண்டு தனித்தனி வியாதி, ஒரே நேரத்துல. எந்த பாட்டிலும் முழுசா வேலை செய்யாததுக்கு காரணம் இதுதான், நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு மருந்து தேடிட்டிருந்தேன்.

விசிட்டுக்கு 5க்கு நாலரை. அரை ஏன் கட்டுன்னா, பூஞ்சை ரிசல்ட் ரெண்டு வாரம் ஆகும்னு முன்னாடியே சொல்லல, நான் தினம் போன் பண்ணி அவங்க அசிஸ்டென்ட்கிட்ட திட்டு வாங்குனேன். ரிப்போர்ட்டையும் எழுதித் தரல, வாயாலதான் சொன்னாங்க, கேட்டு வாங்க வேண்டியதாப்போச்சு. நீங்க கூப்ட்டா முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க.

வேலிய வெட்டி நாலு மாசம் ஆச்சு. வட்டத்துல எல்லாம் முடி நெறைஞ்சுருச்சு, கொஞ்சம் கருத்த செவலையா வந்திருக்கு. பிடரி டூத்பிரஷ் மாதிரி குத்திட்டு நிக்குது, பழைய நீளத்துக்கு வர வருஷக்கணக்கு ஆகும். என் கை வளையம் களிம்புலயே போயிருச்சு. வெட்டிப் போட்ட சவுண்டல் தழைய ஆடு வச்சிருக்கற ஒருத்தர் வண்டி கொண்டு வந்து ஏத்திட்டுப் போனாரு, கொட்டிருமேன்னு சொல்லிப் பார்த்தேன், "எங்க ஆடு பரம்பரையா திங்குது, உங்க குதிரைக்குத்தான் ராசி இல்ல"ன்னுட்டு போயிட்டாரு.