பழைய நிக்கான் எஃப்எம்2-ல லென்ஸ் ஆட்டம்: சரி பண்ணி நல்லா ஓட்டிப் பாத்த அனுபவம்

செகண்ட் ஹேண்ட்ல ஃபிலிம் கேமரா வாங்கறவங்க அடிக்கடி கேக்கறது, லென்ஸ் மாட்டினா லொட லொடன்னு ஆடுதே, இது ஓகேவா இல்ல காசு போச்சான்னு. என்கிட்ட இருக்கற நிக்கான் எஃப்எம்2-லயும் இதே கதைதான். 1982-ல வந்த மாடல், 1/4000 செகண்ட் வரைக்கும் ஷட்டர், பேட்டரி செத்தா வெளிச்சம் அளக்கற மீட்டர் மட்டும்தான் போகும், கேமரா அது பாட்டுக்கு ஓடும். எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் கல்யாண ஆர்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல இருக்கற ஜூமைப் போட்டு, கேமரா ஸ்ட்ராப்லயே தொங்கவிட்டு வருஷக்கணக்கா சுத்தியிருக்கார், அவ்ளோ எடையும் லென்ஸ் மாட்டற வளையமான மவுண்டைத்தான் இழுக்கும், அதனால கேமராவக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

முதல்ல எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாருங்க. லென்ஸைத் திருப்பற திசையில துளி அசைஞ்சா அது லாக் பின்னுக்கும் அது உக்கார்ற குழிக்கும் நடுவுல இருக்கற கேப். நிக்கானோட பழைய எஃப் மவுண்ட்ல சகஜம், படத்துக்கு ஒண்ணும் ஆகாது, அதைச் சரி பண்றேன்னு கிளம்பாதீங்க. லென்ஸ் முன்பக்கத்த மேல தூக்கினா மவுண்ட் ஓரத்துல கோடு மாதிரி இடைவெளி தெரியுதா, அதுதான் மேட்டர். வேற லென்ஸ் மாட்டியும் பாத்துடுங்க, ஏன்னா பாதி நேரம் பாடி நல்லாதான் இருக்கும், லென்ஸோட பின்பக்க ஸ்க்ரூதான் லூசா இருக்கும்.

இதுக்கு ஏன் இவ்ளோ அலட்டல்னா, எஃப் மவுண்ட்ல மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் தூரம் 46.5 மிமீ. அப்பர்ச்சர், அதாவது லென்ஸ்ல வெளிச்சம் வர்ற ஓட்டை, எஃப்1.8-ன்னு பெருசா தொறந்திருந்தா அதுல சுமாரா 0.05 மிமீ இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போனாலே ஷார்ப்னெஸ் அடிவாங்கும், எஃப்8-ன்னு சின்னதாக்கினா கால் மிமீ வரைக்கும் தாங்கும். அதனாலதான் வெயில்ல எடுத்த ரோல் எல்லாம் சூப்பரா வந்து, சாயங்காலம் அப்பர்ச்சர் தொறந்து எடுத்தது மட்டும் ஒரு பக்கம் மங்கலா வரும், நாம லேப்காரரத் திட்டிட்டு இருப்போம்.

மவுண்ட் வளையத்து ஸ்க்ரூ எல்லாம் டைட் பண்றதுதான் முதல் வேலை. சாதா பிளஸ் ஸ்க்ரூடிரைவர் வேணாம், தலை மழுங்கிடும். ஜப்பான் கேமராவுக்கு ஜேஐஎஸ் (ஜப்பான் ஸ்டாண்டர்ட்) முனைன்னு தனியா விக்கறாங்க, அத வாங்கிக்கோங்க. நல்லா அழுத்திப் பிடிச்சு, ஒண்ணை டைட் பண்ணா அடுத்து எதிர்ல இருக்கறதுன்னு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா போங்க. என் பாடியில இத பண்ணதும் பாதி ஆட்டம் நின்னுச்சு, மீதி நிக்கல.

மீதிக்குக் காரணம் ஸ்பிரிங். மவுண்ட் வளையத்துக்குப் பின்னாடி மெல்லிசான பட்டை பட்டையா ஸ்பிரிங் இருக்கும், அதுதான் லென்ஸோட பின்பக்கம் நீட்டிட்டு இருக்கற காதுகளப் பிடிச்சு உள்ள இழுத்து வைக்கறது, கனமான லென்ஸ் போட்டுப் போட்டு அது படுத்துடும். இதுக்கு வளையத்தக் கழட்டியே ஆகணும். கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, ஏன்னா லென்ஸோட அப்பர்ச்சர் எவ்ளோன்னு மீட்டருக்குத் தகவல் சொல்ற ஏஐ வளையமும் (நிக்கான் வச்ச பேரு) கூடவே இடம் மாறலாம். அடியில தாள் மாதிரி தகடு ஏதாச்சும் இருந்தா அது 46.5 கணக்குக்காக வச்ச ஷிம், எங்க இருந்துச்சோ அங்கயே, அதே மாதிரி திரும்பப் போகணும், தூக்கிப் போட்டுட்டா மொத்த ஃபோகஸும் காலி. ஸ்பிரிங்க பிளாஸ்டிக் குச்சியால துளியூண்டு நெம்பி வளைச்சு, மாட்டிப் பாத்து, தேவைன்னா திரும்பவும் கழட்டி வளைக்கணும். ஒரே தம்முல நிறைய வளைச்சா ஒடையும், இல்லன்னா லென்ஸே திரும்பாத அளவுக்கு டைட்டாகும். ஸ்க்ரூ திரும்ப லூசாகாம இருக்க நெயில் பாலிஷ் ஒரு பொட்டு போதும், ஃபெவிக்விக் மாதிரி சமாச்சாரத்த கிட்டயே கொண்டு வராதீங்க, அதோட ஆவி மிரர்ல வெள்ளையாப் படியும்.

முடிச்சதும் ஃபிலிம் போடாம பின்கதவத் தொறந்து, ஃபிலிம் ஓடற தண்டவாளத்துல மேட் டேப் ஒட்டி, ஷட்டர பல்ப்ல (‘B’, பட்டனை அழுத்தியிருக்கற வரைக்கும் தொறந்தே இருக்கும்) வச்சு தூரத்து செல்போன் டவரப் பாருங்க. லென்ஸ் இன்ஃபினிட்டியில (ரொம்ப தூரத்து ஃபோகஸ்ல) இருக்கறப்ப டேப்லயும் ஃபைண்டர்லயும் ஒண்ணா ஷார்ப்பா தெரியணும்.

அதுக்கப்புறம் மழை, வெயில், ஊர்த் திருவிழா எல்லாம் பாத்தாச்சு, 50 மிமீ போட்டா கல்லு மாதிரி நிக்குது, எஃப்1.8-லயும் ஓரம் வரைக்கும் ஒரே சீரா வருது. திருப்பற திசையில இருந்த அந்த சின்ன அசைவு இன்னும் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். கனமான ஜூம் போட்டா கேமராவப் பிடிக்காம லென்ஸப் பிடிச்சுத் தூக்கறேன், அவ்ளோதான் மாத்திக்கிட்டது. ஸ்பிரிங் ஏற்கனவே ஒடைஞ்சிருந்தா மட்டும் இதெல்லாம் வேலைக்காகாது, ஷட்டர் போன பாடி ஏதாச்சும் சல்லிசா கிடைச்சா அதுல இருந்து வளையத்தோட எடுத்துப் போடலாம், போட்டதும் அந்த டேப் டெஸ்ட்ட மறுபடி பண்ணிடுங்க.