தண்டையார்பேட்டையில் எக்ஸோஸ்கெலிட்டன் நடைப்பயிற்சி: நம்பிப் போகலாமா?

தண்டுவடக் காயம்பட்டவர்களை ரோபோ உடையில் நடக்க வைக்கும் பிசியோதெரபி மையம் இது. இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார். எடையை ஒரு காலுக்கு மாற்றிச் சாய்ந்தால் மறுகால் அடி வைக்கும்.

அளவெடுப்பதில் கெட்டிக்காரர்கள். தொடை, கெண்டைக்கால், இடுப்பகலம் மூன்றையும் உட்கார வைத்து டேப் பிடிக்கிறார்கள். இயந்திரத்தின் முழங்கால் அச்சு நம் முழங்காலோடு பொருந்தாவிட்டால், அடிக்கு அடி பட்டை தோலை உரசும். உணர்ச்சியில்லாத காலில் அது புண்ணான பிறகுதான் தெரியும். கழற்றியதும் முன்னங்கால் எலும்பு, குதிகால், இடுப்பு எல்லாம் பார்க்கிறார்கள். சிவப்பு அரை மணியில் மறையாவிட்டால் அடுத்த செஷன் தள்ளிப்போகும். சரியான கறார்தான்.

குறை, எழுப்பும் அவசரம். மாதக்கணக்கில் படுத்திருந்தவரைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். டில்ட் டேபிளில் (படுத்தவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தும் சாய்மேசை) பழக்கி, வயிற்றுப் பட்டை கட்டி, பிரஷர் பார்த்த பிறகே எழுப்ப வேண்டும். இங்கே கேட்டால்தான் செய்கிறார்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் அப்படித்தான்; தேய்ந்த எலும்போடு நடந்தால் முறிவு நிச்சயமில்லை, ஆனால் ஆபத்து உண்டு. மார்புப் பகுதியின் 6-ஆம் தண்டுவடப் பிரிவிலோ அதற்கு மேலோ காயம் என்றால், யூரின் டியூப் மடங்கினாலே பிரஷர் எகிறலாம். பையைக் காலி செய்துவிட்டு, டியூப் பட்டைக்கு அடியில் சிக்காமல் பாருங்கள்.

ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கழற்றவே 20 நிமிடம் போகிறது. காசு முழு மணிக்கு. வியர்வைக்கு மாற்று காட்டன் சாக்ஸ் அவசியம், விரல் பக்கம் தையல் தடிப்பு இல்லாததாக. மழை நாளில் வியாசர்பாடி சுரங்கப்பாதை வழியை நம்பாதீர்கள்.