விளம்பரதாரர் பிடித்துத் தரும் முகவர் சேவை: என் தளத்தின் ஓர் ஆடிப்பட்டக் கணக்கு

மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில் 120 பைகளில் காய்கறி வளர்க்கிறேன். அதில் விளைவதையும் வாடுவதையும் ஆறு வருடமாக ஓர் இணையதளத்தில் எழுதி வருகிறேன். 2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்துவிட்டதால், தளம் தொடங்கிய நாளிலிருந்தே அந்தத் தானியங்கி விளம்பரங்கள் ஓடுகின்றன. மாதம் 4,000 ரூபாய் வந்தால் பெரிது. நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு அது சேர இரண்டு மூன்று மாதமாகும். சர்வர் வாடகைக்கும் விதைக்கும் அது போதவில்லை என்பதால், போன வருடம் சித்திரையில் சென்னையில் உள்ள ஒரு முகவர் நிறுவனத்திடம் போனேன். சிறிய தளங்களுக்கு நேரடி விளம்பரதாரர் பிடித்துத் தருவது அவர்கள் வேலை. கமிஷன் 20%. அவர்களைப் பற்றிய குறைகளும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் பிடித்தது, அவர்கள் முன்பணம் கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் மட்டுமே கமிஷன். பதிவுக் கட்டணம் என்று முன்னாலேயே வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள்.

இரண்டு வாரத்தில் மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். அதிகத் தொகை சொன்னது ஒரு சூதாட்டச் செயலி. அதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இரண்டாவது பூச்சிமருந்து. வேப்ப எண்ணெய்க் கரைசல் பற்றி எழுதுகிற பக்கத்தில் அதை எப்படிப் போடுவது? மூன்றாவது, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கட்டியும் வளர்ப்புப் பையும் தயாரிக்கிற ஒரு சிறிய நிறுவனம். என் வாசகர்கள் மின்னஞ்சலில் அடிக்கடி கேட்பதே ‘எந்த நார்க்கட்டி வாங்கலாம்’ என்பதுதான். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

அவர்கள் சொன்ன விலை: ஆறு மாதத்துக்கு 30,000 ரூபாய், கூடவே 25,000 ரூபாய்க்குப் பொருள். முகவர் நிறுவனத்துத் தம்பி, “நல்ல ஆஃபர் மேடம், எடுத்துக்கலாம்” என்றார். பொருளின் மதிப்புக்கும் சேர்த்து 20% கமிஷன் கேட்டார். 2022 ஜூலை முதல் தொழில் சார்ந்து கிடைக்கும் இப்படிப்பட்ட பொருளும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10% வரிப் பிடித்தத்தில் வரும். ஆக, நார்க்கட்டி வீட்டில் குவியும், அதற்கு வரியும் கமிஷனும் கையிலிருந்து போகும். பொருளே வேண்டாம் என்றேன்.

முகவர் நிறுவனத்தார் தயாரித்திருந்த விலைத்தாளைப் பார்த்தபோதுதான் பெரிய பிழை தெரிந்தது. மாதம் 38,000 வாசகர்கள் என்று வருடச் சராசரியைப் போட்டிருந்தார்கள். மாடித்தோட்டத் தளத்துக்குச் சராசரி என்ன சொல்லும்? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனி பாதியிலேயே அவரை, பீர்க்கு, பூசணி என்று தேடத் தொடங்குகிறார்கள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் என் தளத்துக்குத் தலா 90,000 பேர் வருகிறார்கள். பையும் நார்க்கட்டியும் விற்கிறவருக்கு அந்த அறுபது நாள்தான் வியாபாரம். மார்கழியில் என் பக்கத்தில் பேனர் தொங்கி அவருக்கு என்ன லாபம்?

ஒரே பக்கத்தில் நானே புதிய தாள் தயாரித்தேன். மூன்று வருட மாதவாரிக் கணக்கு, அதிகம் படிக்கப்பட்ட பத்துக் கட்டுரைகள், வாசகர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்பது. ஆறு மாதத்தை நாலாகக் குறைத்து, ஆனிக்கும் ஆடிக்கும் தலா 22,000, மற்ற இரண்டு மாதத்துக்குத் தலா 9,000, ஆக 62,000 என்று கேட்டேன். நார்க்கட்டி நிறுவனத்தார் 48,000க்கு இறங்கச் சொன்னார்கள். வெறுமனே இறங்க மனமில்லை. வாசகர்களுக்கு அனுப்பும் வாரக் கடிதத்தில் தருவதாகச் சொன்ன இடத்தை எடுத்துவிட்டு 56,000 என்றேன். அதில் முடிந்தது, பாதி முன்பணம். முகவர் எடுத்துக்கொள்ளச் சொன்ன 30,000 ரூபாயோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தச் சேவையிடம் விலை பேசும் வேலையை மட்டும் ஒப்படைக்காதீர்கள். உங்கள் வாசகர் எப்போது வருகிறார், எதற்கு வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்புறம் வந்ததுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். கழுவாத நார்க்கட்டியில் உப்பு தங்கியிருக்கும், தக்காளி நாற்றின் இலை நுனி கருகும், உப்பின் அளவைக் காட்டும் இ.சி. மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று. அதை நீக்க வேண்டும் என்று விளம்பரதாரர் தரப்பில் கேட்டார்களாம். “நாலு மாசம்தானே மேடம், மறைச்சு வச்சுட்டுத் திரும்பப் போட்டுடலாம்” என்றார் அந்தத் தம்பி. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் நாற்றைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் விதைக்கிற மாதத்தில் அதை மறைப்பதா? முடியாது என்றேன். ஒப்பந்தம் போனாலும் போகட்டும் என்று இரண்டு நாள் இருந்தேன்.

மூன்றாம் நாள், முகவரிடம் சொல்லிவிட்டு நிறுவன உரிமையாளரிடம் நானே பேசினேன். “நீங்க எழுதினது சரிதாங்க. எங்ககிட்ட கழுவினது, கழுவாதது ரெண்டும் இருக்குதுங்க. கழுவினதை மட்டும் விளம்பரத்துல போட்டுக்கலாங்க” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீக்கச் சொன்னது அவருடைய விற்பனைப் பிரிவில் ஒருவர். உரிமையாளருக்கே விஷயம் தெரியாது. முகவர் தொடக்கத்திலேயே எங்களை நேரில் பேசவிட்டிருந்தால் அந்த வாரம் வீணாகியிருக்காது. ஆனால் இரண்டு பக்கமும் நேரில் பேசினால் கமிஷன் போய்விடும் என்று பயப்படுகிறார்கள்.

ஒப்பந்தத்தை எழுதித் தந்த விதம் நன்றாக இருந்தது. பதினைந்து நாள் அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம் என்பது, முன்பணம் வந்த பிறகே பேனர் ஏறும் என்பது எல்லாம் அவர்களே சேர்த்தவை. எனக்கு அது தோன்றியிருக்காது. நான் மாற்றச் சொன்னவை சில. ஒரு வருடத்துக்கு வேறு எந்தத் தோட்டப் பொருள் விளம்பரமும் கூடாது என்றிருந்ததை, நாலு மாதத்துக்கு நார்க்கட்டியும் பையும் மட்டும் என்று சுருக்கினோம். கட்டுரையை முன்கூட்டிப் பார்க்கும் உரிமையை, விலையும் அளவும் சரியா என்று பார்ப்பதற்கு மட்டும் என்று எழுத வைத்தேன். பணம் வாங்கிப் போடும் இணைப்புக்கு அதைச் சொல்லும் குறியீடு வேண்டும் என்று கூகுள் கேட்கிறது, 2019இல் அதற்கென்றே தனிக் குறியீடும் தந்தது. “யாரும் கண்டுக்க மாட்டாங்க” என்றார் தம்பி. தேடலிலிருந்து தளம் விழுந்தால் ஆறு வருட உழைப்பும் விழும் என்பதால் விடவில்லை. ‘இணைந்து வழங்கும்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘விளம்பரம்’ என்று தலைப்புக்கு மேலேயே போட்டேன். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகளும் இப்படிப்பட்ட தொடர்பை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன.

பணம்தான் கடைசித் தலைவலி. விளம்பரதாரர் மீதித் தொகையை முகவருக்கு உரிய நாளில் அனுப்பிவிட்டார். எனக்கு அறுபது நாளாகியும் வரவில்லை. நல்லவேளை, சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசின் உத்யம் பதிவை முன்பே செய்து வைத்திருந்தேன். கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். குறுந்தொழில் செய்பவருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தினால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வட்டி தர வேண்டும். பதிவு எண்ணோடு இதை எழுதி அனுப்பினேன். ஆறாம் நாள் பணம் வந்தது. முன்பணத்தையும் சேர்த்து மொத்தம், கமிஷன் 11,200 போக 44,800, அதில் வரிப் பிடித்தம். பிடித்த வரி, வருமான வரித் துறையில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். ஆள் பிடிப்பதற்கும் ஒப்பந்தத்துக்கும் முழு மதிப்பெண். குறைத்தது விலைத்தாளுக்கும் தாமதத்துக்கும். அந்தக் கட்டுரையை மறைக்கச் சொன்னதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருடம் அதே விளம்பரதாரர் பங்குனியிலேயே முகவருக்குப் போன் செய்துவிட்டார். தாளை நானே அனுப்பிவிட்டேன். கமிஷன் 12%, பணம் வந்த ஏழு நாளில் எனக்கு என்று முகவரிடமும் எழுதி வாங்கியிருக்கிறேன்.