கண்மாய்ப் பொட்டலில் பக்கி ஓட்ட எந்தப் பட்டம்? கைப்பிடியா, பாரா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கைட் பக்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த கம்பெனிப் பட்டம் வாங்கலாம் என்பதைத்தான். கம்பெனி அப்புறம். நாலு நூலையும் கைப்பிடியில் பிடிக்கப் போகிறீர்களா, பாரில், அதாவது ஒற்றைக் குறுக்குக் கம்பியில், பிடிக்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊர்க் கண்மாய்ப் பொட்டலுக்குக் கைப்பிடிதான் என்பது என் கருத்து. பார் ஜெயிக்கிற இடமும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பக்கியைப் பார்த்தே இராதவர்களுக்கு: அது பட்டம் இழுத்து ஓடும் மூன்று சக்கர வண்டி. தரையை ஒட்டித் தாழ்வாக உட்கார்ந்து முன் சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். வண்டியில் பிரேக் கிடையாது. ஓடுவதும் நிற்பதும் பட்டத்தை ஆள்வதில்தான் இருக்கிறது. 1990 வாக்கில் இன்றைய வடிவத்தைக் கொண்டுவந்து பரப்பியவர் நியூசிலாந்துக்காரர் பீட்டர் லின். அவருக்கு வெகு காலம் முன்பே, 1826-இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். குதிரைக் கணக்கில் சாலைச் சுங்கம் வசூலித்த காலம் அது. குதிரையே இல்லாத வண்டிக்கு என்ன வசூலிப்பது? அவர் சும்மாவே போய் வந்தார்.

இரண்டு நூல் பட்டம் விலை குறைவு என்று அதில் ஆரம்பிக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இடது, வலது திருப்பலாம், அவ்வளவுதான். இழுவையைக் குறைக்க வேண்டுமென்றால் பட்டத்தை ஓரத்துக்கோ தலைக்கு மேலேயோ கொண்டுபோக வேண்டும். மூக்குக் குப்புற விழுந்தால் நடந்து போய்த் தூக்கி நிறுத்த வேண்டும். கை பழகுவதற்கு ஒரு சின்னது வைத்துக்கொள்ளலாம். பக்கிக்கு வேண்டாம்.

நாலு நூல் பட்டத்தின் சங்கதியே வேறு. மேல் இரண்டு நூல் இழுவைக்கு, கீழ் இரண்டு நூல் பிரேக்குக்கு. பிரேக் நூல்கள் பட்டத்தின் பின் விளிம்புக்குப் போகின்றன. இரண்டு கைப்பிடியின் அடிப்பகுதியையும் சேர்த்து நம் பக்கம் இழுத்தால் பின் விளிம்பு மடங்கி, பட்டம் இழுவையை விட்டுப் பின்பக்கமாகவே இறங்கித் தரையில் உட்காரும். குப்புற விழுந்த பட்டத்தையும் அதே பிரேக்கை வைத்துப் பின்னால் எழுப்பிவிடலாம். ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் இழுத்தால் பட்டம் தன் நுனியை மையமாக வைத்து நின்ற இடத்திலேயே சுற்றும்.

இந்தக் கடைசிக் குணத்துக்காகவே நான் கைப்பிடி பக்கம் நிற்கிறேன். கடற்கரையிலும், அமெரிக்காவின் இவான்பா மாதிரி வறண்ட ஏரியிலும் ஓட்டுகிறவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் நேராகப் போக இடம் இருக்கிறது. நமக்கு இருப்பது கோடையில் வற்றிய கண்மாயின் நடுப்பகுதி. ஒரு பக்கம் கரை, மறுபக்கம் சீமைக்கருவேலம், இன்னொரு பக்கம் கலுங்கு. ஓட ஆரம்பித்ததும் திரும்ப வேண்டியிருக்கும். சட்டென்று திரும்புகிற பட்டம் கையில் இருந்தால்தான் கருவேலத்துக்குள் போகாமல் மீளலாம். முள்ளில் மாட்டினால் டயர் மட்டுமா போகும், பட்டத்துத் துணியும் கிழியும்.

பாரில் பிடிக்கிற, ஓடும்போதே இழுவையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பட்டத்தை டிப்பவர் என்பார்கள். அதிலும் நாலு நூல்தான், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. முன் நூல்கள் பாரின் நடு வழியாக வந்து இடுப்பு ஹார்னஸில் மாட்டிக்கொள்ளும், பின் நூல்கள் பாரின் இரண்டு முனையில். பாரை நம் பக்கம் இழுத்தால் பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடி இழுவை ஏறும், தள்ளினால் கோணம் குறைந்து இழுவை இறங்கும். ஓசோன் கம்பெனியின் ஆக்சஸ் பட்டம் இந்த வகை. முரட்டுக் காற்றுக்கு அருமையான ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்காகும். 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது திடீரென்று 30-க்குப் போனால், பாரை ஒரு முழம் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். கைப்பிடிப் பட்டத்தின் சூத்திரம், அதாவது துணியை நூலோடு இணைக்கும் கயிற்றுக் கட்டு, மாறாதது; அதனால் அதை நிலைச் சூத்திரப் பட்டம் என்பார்கள். கோணத்தை ஓடும்போது மாற்ற முடியாது. பட்டத்தை ஓரத்துக்கு ஒதுக்கலாம், பிரேக் போடலாம், வண்டியை வளைத்து வேகத்தைக் கரைக்கலாம். அதற்கு மேல் வந்தால் கைப்பிடியை விட்டுவிட வேண்டியதுதான்.

விட்டுவிடலாம் என்பது சாதாரண விஷயமில்லை. பிரேக் நூல்களின் அடியிலிருந்து இரண்டு மணிக்கட்டுக்கும் ஒவ்வொரு பட்டை வரும். கைப்பிடியை விட்டதும் முழு இழுவையும் பிரேக் நூலுக்கு மாறி, பட்டம் துணி மாதிரிப் படபடத்துக்கொண்டு கீழே வந்துவிடும். பார்த்ததும் புரிகிற பாதுகாப்பு இது. டிப்பவரிலும் இழுத்து விடுவிக்கும் பூட்டு இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பதறும் நேரத்தில் கை தேடிப் போய் அதைப் பிடிக்க வேண்டும். பயந்தவன் பாரைத் தன் பக்கம்தான் இழுப்பான், இழுவை இன்னும் ஏறும். பழகாதவர்களுக்கு இதுதான் ஆபத்து.

காற்று குறைந்த நாளில் கதை மாறிவிடும். ஒரே பரப்பளவில் நிலைச் சூத்திரப் பட்டம் டிப்பவரைவிடக் கூடுதலாக இழுக்கும். 75 கிலோ ஆளுக்கு 20, 25 கிலோமீட்டர் காற்றில் 3 அல்லது 4 சதுர மீட்டர் போதும். காற்று 12, 15 என்று தளர்ந்தால் 5, 6 சதுர மீட்டர். டிப்பவரில் அதே வேலைக்கு இன்னும் பெரியது வேண்டும். பெரிய பட்டம் மெதுவாகத் திரும்பும், திரும்ப நிறைய இடமும் கேட்கும். கண்மாயில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

டிப்பவருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது செலவுக் கணக்கு. கைப்பிடிப் பட்டம் ஒவ்வொன்றும் குறுகிய காற்று வேகத்துக்குத்தான் சரிப்படும். மூன்று அளவு வைத்துக்கொண்டால்தான் எல்லா நாளும் ஓட்டலாம். டிப்பவர் ஒன்றே இரண்டு பட்டத்தின் வேலையைச் செய்யும், ஆனால் அந்த ஒன்றின் விலையும் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரி வேறு. நிலைச் சூத்திரப் பட்டத்துக்கே பார் மாட்டுகிறவர்களும் உண்டு. ஒரு கை ஓய்வாக இருக்கும், ஆனால் பிரேக்கை நுணுக்கமாகப் பிடிக்க முடியாது. எனக்குப் பிடித்ததில்லை.

இடத்தை வைத்தும் பார்க்க வேண்டும். கானாடுகாத்தான் பக்கம் இருக்கும் பழைய செட்டிநாட்டு விமான ஓடுதளத்தைப் பார்த்தால் எவருக்கும் ஆசை வரும். அந்த நீளத்துக்கு டிப்பவர்தான் பொருத்தம். ஆனால் அது அரசு நிலம், அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். கெட்டித் தளத்தில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டால் எலும்பு தாங்காது. வெடித்துக் காய்ந்த கண்மாய்க் களிமண்ணும் ஒன்றும் மெத்தை இல்லைதான், தலைக்கவசம் இரண்டு இடத்திலும் கட்டாயம்.

காற்றை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, காத்து எப்ப நிதானமா வரும்?" என்றேன். "கரையை ஒட்டி நிக்காதீங்க தம்பி, அங்கே சுத்திச் சுத்தித்தான் அடிக்கும். நடுவுல போங்க, வெயில் சாயட்டும்" என்றார். அவர் சொன்னது அப்படியே பௌதிகம். கரை, பனைமரம், தோப்பு எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று குழம்பித்தான் வரும். மத்தியானத்தில் சூடான தரையிலிருந்து எழும் காற்று அதைக் கூடுதலாகக் குலைக்கும். வெயில் தாழ்ந்த பிறகு கொஞ்சம் நிதானப்படும். அம்மியும் பறக்கும் ஆடிக் காற்றில் மட்டும் நான் கைப்பிடிக்காக வாதாட மாட்டேன். நன்றாகப் பழகியவர் சின்ன டிப்பவரோடு போகட்டும், புதியவர் வீட்டில் இருக்கட்டும்.

கைப்பிடி வாங்குகிறவர்கள் பிரேக் நூலின் நீளத்தை மட்டும் அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. கைப்பிடியின் அடியில் தொங்கும் சின்னக் கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். எந்த முடிச்சில் நூலை மாட்டுகிறோமோ அதுதான் அளவு. பட்டம் தலைக்கு மேலே நிற்கும்போது பிரேக் நூல் லேசாகத் தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பட்டம் சோம்பலாகப் பின்னால் சரியும், நூலை வெளி முடிச்சுக்கு மாற்றுங்கள். ரொம்பத் தொய்ந்தால் பட்டம் நம்மைத் தாண்டி முன்னால் ஓடி, முன் விளிம்பு மடங்கிப் பொத்தென்று விழும். அப்போது உள் முடிச்சு. புது டைனீமா நூல் முதல் சில நாள் சமமில்லாமல் நீளும். நாலையும் ஒரு மரத்தில் கட்டி இழுத்து அளந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிச்சை மாற்றுங்கள். மாஞ்சா இந்த நூலின் பக்கமே வரக் கூடாது. பாரம் ஏறிய வெறும் நூலே தோலை அறுக்கும், ஓடுகிற நூலைக் கையால் பிடிக்காதீர்கள். மின்கம்பி தெரிகிற கண்மாயில் எந்தப் பட்டமும் வேண்டாம்.

முதலில் 3 சதுர மீட்டர், கைப்பிடியோடு. பக்கியில் ஏறாமல் நின்றபடியே பிரேக் போட்டு இறக்குவதைப் பத்து முறையும் ஒரே மாதிரி செய்ய வந்த பிறகு வண்டி. அடுத்தது 5. டிப்பவரை அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டால் தரை மறுபடி காய மாதக்கணக்கில் ஆகும். அதனால் வாங்குவதைக் கோடை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.