அவசர பைபாஸுக்கு உலர்ந்த சர்க்யூட்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

இதய அறுவையின்போது ரத்தத்தை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வெளியே ஓட்டி (இதுதான் பைபாஸ்) அவற்றின் வேலையை ஏற்பது ஹார்ட்-லங் மெஷின். அதை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டுகளிடையே ஓயாத வாக்குவாதம் ஒன்று உண்டு. அவசர நோயாளிக்கென அந்த மெஷினில் குழாய்களை முன்கூட்டியே இணைத்துப் பூட்டி வைப்பதா, அழைப்பு வந்த பிறகு பெட்டியைப் பிரிப்பதா? பல ஆண்டுகளாக நான் முதல் கட்சி.

ரத்தம் சேரும் ரிசர்வாயர், அதில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர், குமிழிகளைப் பிடிக்கும் ஆர்ட்டீரியல் ஃபில்டர், குழாய்கள் என சர்க்யூட் முழுவதையும் கிருமிநீக்கம் கெடாமல் இணைத்து, முனைகளை மூடி, தேதியும் கையெழுத்தும் இட்டு, உறை போட்டு நிறுத்தி வைப்போம். திரவம் மட்டும் ஊற்ற மாட்டோம். ஊற்றிவிட்டால் கிருமி வளரும் கவலை. இத்தனை நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கணக்கும் தொடங்கிவிடும். உருளைகளால் குழாயை அழுத்தி ரத்தத்தைத் தள்ளும் ரோலர் பம்பையும் குழாயின் மேல் அழுத்தியபடி விடுவதில்லை. நாள்கணக்கில் ஒரே இடத்தில் நசுங்கிய குழாயை நம்பி ஒருவர் உயிரை ஓட்ட எனக்கு மனம் வராது.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இத்தகைய இயந்திரத்தின் துணையோடு முதன்முறையாக ஓர் அறுவையை வெற்றிகரமாக முடித்தார். அந்தக் காலத்து இயந்திரங்களை நிரப்பவே யூனிட் யூனிட்டாகத் தானமாகப் பெற்ற ரத்தம் வேண்டும். இன்று ரிங்கர் லாக்டேட் போன்ற தெளிந்த திரவமும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் இருந்தால் பிரைமிங், அதாவது சர்க்யூட்டைத் திரவத்தால் நிரப்புவதை, தொடங்கிவிடலாம். நள்ளிரவு அவசரத்துக்கு ஈடுகொடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது கார்பன் டை ஆக்சைடு ஃப்ளஷ். திரவம் ஏற்றும் முன் சில நிமிடம் சர்க்யூட்டுக்குள் அந்த வாயுவைச் செலுத்தினால், உள்ளே இருக்கும் காற்றை அது வெளியேற்றிவிடும். மிஞ்சும் குமிழிகளில் இருப்பது திரவத்தில் எளிதாகக் கரையும் வாயு. காற்றிலுள்ள நைட்ரஜன் அப்படிக் கரையாது. அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள், பிறகு குமிழிகளை விரட்ட ஃபில்டரைத் தட்டித் தட்டி அதைவிட அதிக நேரம் தொலைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ளஷ் முடிந்ததும் அந்த வாயுவை மூடி, ஆக்சிஜன் குழாய் சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்பதை இரண்டாவது ஆளும் பார்த்தாக வேண்டும். ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ஹீட்டர்-கூலர் தண்ணீரையும் பிரைமிங்குக்கு முன்பே ஓட விடுவேன். வெப்பப் பரிமாற்றியில் கசிவு இருந்தால் உலர்ந்த ரத்தப் பாதையில் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். திரவம் நிரப்பிய பிறகு அது அத்தனை எளிதில் கண்ணில் படாது.

இந்த முறையில் எனக்குள்ள பெரிய குறை, ஒரே அளவுதான் தயாராக இருக்கும் என்பது. பெரியவர்களுக்கான சர்க்யூட் சுமார் 1.2 முதல் 1.5 லிட்டர் வரை பிரைம் கேட்கும். 45 கிலோ எடை, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 30 உள்ள ஒரு பெண்மணிக்கு ரத்தம் மூன்று லிட்டருக்கும் சற்றுக் குறைவு. அதில் 1.4 லிட்டர் திரவம் கலந்தால் ஹீமடோகிரிட் 20-க்கு இறங்கிவிடும். மகாதமனி கிழிந்து வரும் நோயாளிக்கு இது தாங்காது. அதனால் எடை, உயரம், ஹீமோகுளோபின் மூன்றையும் நோயாளி அரங்குக்கு வரும் முன்பே தொலைபேசியில் கேட்டு வாங்கிவிடுவேன். ரத்த வங்கிக்கும் அப்போதே சொல்லிவிடலாம். குழந்தை என்றால் இந்த செட் எதற்கும் ஆகாது.

சர்ஜன்களிடம் ஒரு செல்லக் கோபம் உண்டு. ஹெப்பாரின் கொடுத்த மறுகணமே 'ஏசிடி எவ்வளவு?' என்பார்கள், அதாவது ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று. தேவையான 480 விநாடியைத் தாண்டியது என்று சொல்ல அந்தப் பரிசோதனையே எட்டு நிமிடம் ஓட வேண்டும் சார்! இதயம் நின்றுவிட்ட நிலையில் அந்த எண்ணுக்காகக் காத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

கைப்பிடி பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரமும் பேட்டரியும் கைவிட்டால் பம்பைச் சுற்ற உதவுவது அது ஒன்றுதான். முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் அதைப் பூட்டிய அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். சாவி பகல் பணியாளரிடம். இப்போது அது மெஷினிலேயே, சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அவசர அறுவை எப்போதாவது மட்டும் வரும் சிறிய மையங்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டி வைத்த செட், மருத்துவமனை விதித்த கெடு முடிந்தால் வீண், விலையும் குறைவல்ல. பிரிக்காத பேக், கிளாம்புகள், திரவப் பைகள், மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி மெஷினுக்கு அருகில் நிறுத்தினால் போதும். எங்களைப் போல வாரந்தோறும் அழைப்பு வரும் இடங்களில் செட் வீணாவது அபூர்வம். கெடு நெருங்கினால் மறுநாள் காலை முதல் கேஸுக்கு அதையே எடுத்துக்கொண்டு, புதிதாக ஒன்றைப் பூட்டிவிடுகிறோம்.