டப்பாவில் 'வீகன்' என்று இருந்தது, உள்ளே பூச்சிச் சாயம் இருந்தது

ரெசினில், அதாவது அச்சில் ஊற்றி இறுக வைக்கும் பிசினில், வேலை செய்பவர்கள், அதிலும் வீகன் பொருள் (விலங்கு, பூச்சி எதிலிருந்தும் எடுக்காதது) என்று சொல்லி விற்பவர்கள், அடுத்த கலர் செட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஜெயின் குடும்பத்திலிருந்து ஆறு ஆரத்தித் தட்டுகளுக்கு ஆர்டர் வந்தது. அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான், வண்ணத்தில் எந்த உயிரிலிருந்தும் எடுத்த பொருள் இருக்கக் கூடாது. தைரியமாகச் சரி என்றேன். ஆன்லைனில் 1,850 ரூபாய்க்கு வாங்கிய 24 நிற மைக்கா பவுடர் (ரெசினில் நிறத்துக்குக் கலக்கும் பளபளப்புப் பொடி) செட்டில் ஒவ்வொரு டப்பா மேலும் '100% வீகன்' என்று அச்சடித்து, பக்கத்தில் விலங்குகள் மேல் சோதனை செய்யவில்லை என்பதற்கான முயல் படமும் போட்டிருந்தார்கள்.

நான்கு தட்டு ஊற்றிய பிறகு, அந்த அம்மாவிடம் காட்டலாமே என்று செட்டை விற்றவர்களிடம் மூலப்பொருள் பட்டியல் கேட்டேன். வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு. "எல்லாம் நேச்சுரல்தான் மேடம்" என்றே மூன்று நாள் ஓட்டினார்கள். விடாமல் கேட்டதும் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். அடர்சிவப்புக்கு நேராக சி.ஐ. 75470 (சி.ஐ. என்பது கலர் இண்டெக்ஸ், ஒவ்வொரு சாயத்துக்கும் உள்ள அடையாள எண்). அது கார்மைன், கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சிகளைக் காயவைத்து எடுக்கும் சாயம், பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருவது. அவர்களிடமே வாங்கிய கறுப்பு பேஸ்ட்டுக்கு நேராக பிபிகே 9 (PBk 9) என்ற நிறமிக் குறியீடு, அதாவது விலங்கு எலும்பை எரித்து எடுக்கும் எலும்புக் கரி! பூஜைத் தட்டில் எலும்புக் கரியைக் கலந்து ஊற்றியிருக்கிறேன் என்று தெரிந்தபோது கை நடுங்கிவிட்டது.

கேட்டதற்கு, "விலங்குகள் மேல் சோதனை செய்யவில்லை, அதனால் வீகன்தான்" என்றார்கள். இரண்டும் வேறு வேறு. சோதனையே செய்யாத பொடியிலும் பூச்சி இருக்கலாம். முயல் படத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எந்த அமைப்பின் சான்று என்று கேளுங்கள்.

அப்புறம், செட்டுக்கு ஒரு பதில் போதாது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக எண் கேளுங்கள். சிவப்புக்கு 77491, கறுப்புக்கு 77499 என்றால் இரும்பு ஆக்சைடு, கவலையில்லை. முத்துப் பளபளப்பில் 75170 இருந்தால் அது மீன் செதிலிலிருந்து வருவது. மைக்கா வெறும் கனிமம்தான், ஆனால் ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிடி பக்கம் சின்னக் குழந்தைகள் குழிகளில் இறங்கி அதைப் பொறுக்குவது பலமுறை வெளிவந்த செய்தி. கொடுமையில்லாத பொருள் என்று அதை என்னால் விற்க முடியாது, இனிமேல் செயற்கை மைக்காதான்.

அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். நான்கு தட்டையும் ஒதுக்கிவிட்டு, ஆறையும் இரும்பு ஆக்சைடு சிவப்பில் புதிதாக ஊற்றிக் கொடுத்தேன், கொஞ்சம் செங்கல் நிறம்தான், பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டார். திறந்த டப்பாவுக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அதே செட் இன்றைக்கும் அதே முயல் படத்தோடு விற்பனையில் இருக்கிறது.