புதுமைப் பெண் திட்டம்: முதல் அணி படித்து முடித்த பிறகு ஒரு மதிப்புரை

கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாத உதவித்தொகை தரும் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி எழுத இதுவே தக்க சமயம் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 5 அன்று திட்டம் தொடங்கியபோது முதலாண்டில் சேர்ந்திருந்த பெண்கள், 2025இல் மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் கடைசிப் பருவத்தைக் கடந்துவிட்டார்கள். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், அந்த ஆண்டு எங்கள் பள்ளியிலிருந்து கல்லூரிக்குப் போன 11 பெண்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து, மூன்று ஆண்டுகளும் அவர்களோடு வங்கிக்கும் கல்லூரி அலுவலகத்துக்கும் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சலில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திட்டத்தின் விதி எளிது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்பிலோ பட்டயப்படிப்பிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், அந்தப் படிப்பு முடியும் வரை மாதம் 1000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்கிலேயே ஏறும். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு இதே போன்ற உதவி 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு திருமணத்துக்குக் கொடுத்துவந்த உதவியைத்தான் அரசு படிப்புக்கான உதவியாக மாற்றியது. பத்தாவது முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் இன்னும் இருக்கிற எங்கள் மாவட்டத்தில் அந்த ஒரு மாற்றத்துக்காகவே இத்திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டைக் காட்டுகிறேன். ஒகேனக்கல் சாலையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த என் மாணவி கணிதப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருபவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், மதியச் சாப்பாட்டை விட்டுவந்த நாளில் ஒரு தட்டு இட்லி என்று அவள் கணக்கெழுதி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பேருந்துக்கு ஒதுக்கவேண்டிய பணமும் கையில் நின்றது. இரண்டாம் ஆண்டில் ஒரு நல்ல இடத்துச் சம்பந்தம் வந்தபோது, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று நான் புறப்பட்டேன். பேச வேண்டிய தேவையே ஏற்படவில்லை. "அவ பேருலயே பணம் வருதுங்க டீச்சர், முடிச்சிட்டு வரட்டும்" என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டார். மகளின் பெயரில் மாதாமாதம் வரும் பணம், வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுகிறது. தொகையைவிட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

ஆனால் அதே பெண்ணுக்கு முதல் ஐந்து மாதம் பணம் வரவில்லை. "இந்த மாசமும் ஏறலீங்க டீச்சர்" என்று ஒவ்வொரு மாதமும் தொலைபேசியில் சொல்வாள். கல்லூரியில் விவரங்களை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் கணக்கு வைத்திருந்த வங்கிக் கிளையில், அரசாங்கத்தைக் கேளுங்கள் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை போனபோது, புதிதாக வந்திருந்த ஓர் இளம் அலுவலர் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, அது வேறொரு வங்கியில் உள்ள கணக்கோடு இணைந்திருப்பதாகச் சொன்னார். ஆறாம் வகுப்பில் உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு அது. பாஸ்புக் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில், பழைய மாற்றுச் சான்றிதழ் நகல்களுக்கு நடுவே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு போட்டதும் ஆயிரம் ஆயிரமாக ஐந்து வரிகள் அச்சாகி வந்தன. அந்த ஐந்து வரிகளையும் அவள் விரல் வைத்து எண்ணினாள்.

ஆகவே விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும்; கல்லூரி திறப்பதற்கு முன்பே வங்கியில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகிறது. இதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தால் தீராத ஒன்றும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பெண், முதல் பருவத்திலேயே ஆங்கிலத் தாளில் அரியர் வைக்கிறாள். அடுத்த பருவத்தில் அது இரண்டாகிறது. மூன்றாம் பருவத்தில் வகுப்புக்கு வருவது குறைகிறது, பிறகு ஒருநாள் நின்றுவிடுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை ஊர்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்குப் பாரம் இன்னும் கூடுதல். அவர்களில் பலருக்குப் பள்ளித் தமிழே இரண்டாம் மொழிதான். இவர்களை நிற்கவைத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை இந்தத் திட்டம் தருவதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவில் இலத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று படித்தது எனக்கு மிகவும் உதவியது. வீட்டில் ஸ்பானிஷ், வகுப்பில் ஆங்கிலம், பெற்றோருக்குத் தோட்டத்திலோ கட்டடத்திலோ வேலை, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி: கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அங்கே ஹேவர்டு நகரின் சபோ கல்லூரியில் 1981இல் அங்கே பணியாற்றிய இருவர் அந்த மாணவர்களின் மதிப்பெண் பதிவேடுகளை எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். மாணவர்கள் ஆலோசகரிடம் போவதில்லை, கல்லூரி நிலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்வதில்லை, குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் என்னும் மூன்று உண்மைகள் அந்தப் பதிவேடுகளிலிருந்தே தெரியவந்தன. அதற்கேற்ப ஆங்கில எழுத்து வகுப்பு, தொடர்ந்து கவனிக்கும் ஓர் ஆலோசகர், அதே சமூகத்தில் படித்து வேலைக்குப் போன ஒரு வழிகாட்டி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் உருவாக்கினார்கள். அதற்குப் புவெந்தே என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் பாலம் என்று பொருள். எங்கள் பிள்ளைகளின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தாலும் இதே மூன்றும் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்படிப்பட்ட திட்டங்களில் எது உண்மையில் பயன் தருகிறது என்று தேர்ந்து சொல்வதற்கு அங்கே ஓர் அமைப்பே இருக்கிறது. வாஷிங்டனில் 2004இல் தொடங்கப்பட்ட எக்ஸலென்சியா இன் எஜுகேஷன், 2005 முதல் ஆண்டுதோறும் சில திட்டங்களைத் தேர்ந்து பாராட்டுகிறது. பிள்ளைகள் முன்னேறினார்கள் என்பதற்குக் கணக்கைக் காட்டினால்தான் பாராட்டு கிடைக்கும். முழுக் கல்லூரிகளுக்கென்று தனியே ஒரு முத்திரையும் 2019 முதல் வழங்குகிறார்கள். தரவு, நடைமுறை, தலைமை ஆகிய மூன்றையும் சோதித்து, எல் பாசோ சமுதாயக் கல்லூரி போன்றவற்றுக்கு முதல் ஆண்டிலேயே அதைக் கொடுத்தார்கள். ஒருமுறை பெற்ற முத்திரை நிலையானதும் அன்று; மீண்டும் சான்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டப்படி, இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக இருந்தால் அந்தக் கல்லூரி தனி நிதிக்குத் தகுதி பெற்றுவந்தது. ஆனால் அவ்வளவு பேரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, அவர்களைக் கரையேற்றுவது வேறு என்பதையே அந்த முத்திரை வலியுறுத்துகிறது.

நம் மேடைகளில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையே பேசப்படுகிறது. சேர்ப்பதற்கு நாம் செய்திருப்பவை மெய்யாகவே நல்ல ஏற்பாடுகள்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கல்லூரிக் கனவு என்னும் வழிகாட்டி நிகழ்ச்சி, சேராமல் விடுபட்டவர்களைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி என்னும் முகாம். அதே அக்கறை அரியருக்கும் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகளில் முதல் பருவ ஆங்கிலத் தாளுக்கு மாலைப் பயிற்சி நடத்தி, நின்றுபோன மாணவியின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, சேர்ந்த அணியில் பெரும்பாலோரை மூன்றாம் ஆண்டு இறுதிவரை கொண்டுவந்த துறை எது என்று ஆண்டுக்கொருமுறை பார்த்து, அந்தத் துறையைப் பெயர்சொல்லிப் பாராட்ட வேண்டும். அப்படி உழைக்கும் ஆசிரியர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஒரு கல்லூரியில், அதே ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து முதுநிலை படிக்கும் அக்காக்களைக் கொண்டு முதலாண்டுப் பெண்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வைத்த ஒரு பேராசிரியையை நான் அறிவேன். அவருக்கு இதற்காக ஒரு பாராட்டுத் தாள்கூட வந்ததில்லை.

என் நோட்டில் உள்ள 11 பேரில் 8 பேர் முடித்துவிட்டார்கள். ஒருத்திக்குத் திருமணமாகிவிட்டது. ஒருத்தி ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். இன்னொருத்திக்கு மற்ற எல்லாத் தாள்களும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு நிற்கின்றன. அவற்றுக்கான தேர்வுக் கட்டணத்தைப் போன வாரம்தான் கட்டினோம். கணிதம் படித்தவள் பி.எட். சேர விண்ணப்பித்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, அந்த இரண்டு தாள்களுக்கும் அவளே இவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.